மலைநாட்டுக் குளிரில் ஆமைக்கு என்ன உணவு?

செல்லப்பிராணி என்றதும் நமக்குப் பூனையும் கிளியும் மீன்தொட்டியும் நினைவுக்கு வரும். ஆமையை நினைப்பவர்கள் குறைவு. ஆயினும் பதுளை நகரத்து வீடுகளிலும் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களிலும் எப்போதாவது ஒரு சிறிய ஆமையை நான் கண்டதுண்டு. மொனராகலைப் பக்கம் வேலைக்குப் போனவர் வீதியோரத்தில் கண்டெடுத்து, பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று கொண்டுவந்ததாக இருக்கும். டிசம்பர் மாதத்து மழையும் பனிமூட்டமும் மலையை மூடியதும் அந்த ஆமை உண்பதை நிறுத்திவிடும். வீட்டார் நாளுக்கொரு மரக்கறியை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் கிடக்கும்.

ஆமைக்குப் பலவகை உணவு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பலவகை என்பதன் பொருள் என்ன, குளிர்காலத்தில் அது ஏன் கடினமாகிறது என்பதை உயர்தர உயிரியல் மாணவி என்ற வகையில் நான் கற்றவற்றிலிருந்து இங்கு விளக்க முயல்கிறேன்.

ஒரு கொப்பியில் இருந்த பதினொரு உணவுகள்

கடந்த டிசம்பரில் எங்கள் பக்கத்து வீட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஓர் அப்பியாசக் கொப்பியுடன் என்னிடம் வந்தாள். அவளுடைய வாப்பா வெல்லவாயப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்த ஆமைக்கு, எந்த நாளில் என்ன கொடுத்தாள் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். கெரட், கோவா, போஞ்சி, தக்காளி, சலாது இலை, பீட்ரூட் இலை, வாழைப்பழம், பப்பாசி, சோறு, பாண், ஒரு வெள்ளிக்கிழமை வட்டிலப்பத்தில் ஒரு துண்டு. எண்ணிப் பார்த்தால் 11 வகை.

“ராத்தா, நான் எல்லாமே குடுத்தேன். ஏன் இது தின்னுதில்ல?” என்று கேட்டாள்.

அந்தப் பட்டியலில் வகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் ஆமை உயிர்வாழத் தேவையான மூன்று விடயங்கள் அதில் இல்லை. அவை சூடு, சூரிய ஒளி, புல் என்பன.

எங்கள் நாட்டின் ஒரே நில ஆமை

இலங்கையின் கடலில் ஐந்து வகை ஆமைகள் வருகின்றன. குளங்களிலும் ஆறுகளிலும் பாலாமை, கறுப்பு ஆமை என இரண்டு வகைகள் உள்ளன. முழுக்கத் தரையில் வாழ்வது ஒன்றே ஒன்றுதான். அது நட்சத்திர ஆமை. கரிய ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரிவதால் இப்பெயர் பெற்றது. காய்ந்த புல்லிடையே அந்தக் கோடுகள் அதனை மறைத்துவிடும். கண்ணுக்கு அழகான இந்தக் கோலமே மனிதர் கையில் அது அகப்படவும் காரணமாயிற்று.

நட்சத்திர ஆமை உலர் வலயத்துக்குரியது. எமது ஊவா மாகாணத்திலேயே அதன் வாழிடம் இருக்கிறது. மொனராகலை மாவட்டத்தின் முட்புதர்க் காடுகளும், அம்மாவட்டத்துக்குள்ளும் பரந்துள்ள யால வனமும் அதற்கு ஏற்ற இடங்கள். அங்கு அது காலையிலும் மாலையிலும் நடந்துகொண்டே உண்கிறது. புல், படர்செடிகள், உதிர்ந்த பூ, விழுந்த பழம், சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை அதன் உணவு. சிலவேளை நத்தையையோ செத்த பிராணியின் மிச்சத்தையோ கடிக்கும். மழைக்காலத்தில் தளிரும், வறட்சியில் காய்ந்த புல்லும் என்று உணவு பருவத்தோடு மாறுகிறது. எந்தச் செடியிலும் இரண்டு வாய்க்கு மேல் நில்லாமல் அடுத்ததற்கு நகர்ந்துவிடும். ஆகவே அதன் பலவகை உணவு அதன் நடையில் இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் அடைத்த கணமே அந்த வகைகளை நாம் நிறுத்திவிடுகிறோம்.

இரண்டு வகைக் குளிர்காலம்

“ஆமைகள் குளிர்காலத்தில் உறங்கும், அப்போது உணவு தேவையில்லை” என்று சிலர் சொல்வார்கள். இது ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தி. மத்தியதரைக் கடல் பகுதி ஆமைகளுக்கு அது பொருந்தும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்ற இயற்கை ஆய்வாளர், மாமி வீட்டிலிருந்த ஓர் ஆமையை 1780இல் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பெயர் திமோதி. ஐப்பசி கார்த்திகை அளவில் அது மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்வதையும், வசந்தத்தில் வெளிவருவதையும், புதைவதற்குப் பல நாட்களுக்கு முன்பே உண்பதைக் குறைத்துக்கொள்வதையும் அவர் குறித்துவைத்தார். வைட் 1793இல் இறந்த பின்னரும் திமோதி சிறிது காலம் வாழ்ந்தது. ஆண் பெயரால் அழைக்கப்பட்ட அது உண்மையில் பெண் ஆமை என்பது பின்னர் ஓட்டை ஆராய்ந்தபோதே தெரியவந்தது.

நட்சத்திர ஆமைக்கு அத்தகைய நீண்ட உறக்கம் கிடையாது. அது பிறந்த நிலத்தில் உறைபனி என்பதே இல்லை. எனவே மலைக்குளிரில் அசையாமல் கிடக்கும் நட்சத்திர ஆமை உறங்கவில்லை. அது குளிரால் முடங்கிக் கிடக்கிறது. உறங்கும் ஆமை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கத் தன் உடலை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தியிருக்கும். குளிரில் முடங்கிய ஆமைக்கு அந்த ஆயத்தம் எதுவும் இல்லை.

இங்கே எமது புவியியலையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே உள்ளது. வெல்லவாய 200 மீற்றர் அளவில் உள்ளது. இரண்டுக்கும் இடையே வீதி வழியாக 30 கிலோமீற்றர்கூட இல்லை. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும் என்பது நாம் புவியியலில் படித்தது. அதன்படி இராவணா நீர்வீழ்ச்சியைக் கடந்து பஸ் ஏறிவரும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஆமை ஐந்து பாகை குளிர்ந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. பண்டாரவளை, ஹப்புத்தளை என்று மேலே போனால் இன்னும் குளிர். அதற்கும் மேலாக, வடகீழ்ப் பருவமழை பதுளைக்கு வரும் மாதங்களே எமது குளிர்மாதங்கள். குளிர், ஈரம், வெயிலின்மை மூன்றும் ஒன்றாக வருகின்றன. நட்சத்திர ஆமையின் சுவாசப்பைக்கு இதைவிடப் பாதகமான காலநிலை இல்லை.

முதலில் சூடு, பிறகு உணவு

நாம் சோறு தின்றால் குளிரிலும் அது சமிக்கும். எமது உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கி 37 பாகையில் வைத்துக்கொள்கிறது. ஆமை ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. அதன் உடற்சூடு வெளியிலிருந்து வர வேண்டும். காலை வெயிலில் படுத்து 30 பாகை அளவுக்குச் சூடேறிய பின்னரே அதன் உடல் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கும்.

வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் நொதியத் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ பாதியாகும் என்பது உயர்தர மாணவிகளுக்குத் தெரிந்ததே. ஆமையின் வயிற்றில் இந்தப் பாடம் கண்முன்னே நடக்கிறது. அதற்குப் பல் இல்லை. அலகால் பிய்த்து விழுங்கும் புல்லைப் பெருங்குடலில் உள்ள நுண்ணங்கிகள் மெல்ல மெல்ல நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. சூடு இருந்தாலே அதற்குப் பல நாட்கள் எடுக்கும். சூடு இல்லாவிட்டால் நுண்ணங்கிகளின் வேலை தடைப்பட்டு, விழுங்கிய உணவு குடலிலேயே கெட்டு வாயு சேரும். குளிரில் ஆமை உண்ண மறுப்பது பிடிவாதத்தால் அல்ல, தற்காப்புக்காகத்தான். அந்நேரம் வாயைத் திறந்து பழத்தைத் திணிப்பது அதற்குச் செய்யும் தீங்கு.

குளிர்நாடுகளில் உரிய பத்திரங்களுடன், கூட்டில் பிறந்த ஆமைகளை வளர்ப்போர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? உறங்காத இனமாயின் வீட்டுக்குள் ஒரு பெரிய மேடை அமைத்து, அதன் ஒரு பக்கத்தில் வெப்ப விளக்கும் புறவூதாக் கதிர் விளக்கும் பொருத்துகிறார்கள். மறுபக்கத்தைக் குளிர்வாக விடுகிறார்கள். ஆமை தனக்கு வேண்டிய சூட்டை நடந்து தேர்ந்துகொள்ளும். உணவாக உலர்ந்த புல், சட்டியில் வளர்த்த களைச்செடிகள், கோடையில் பறித்துக் காயவைத்த இலைகளும் பூக்களும், கடித்துத் தின்னக் கணவாய் ஓடு ஆகியவற்றை வைக்கிறார்கள். கூட்டுப் பறவைகளுக்கு நாம் தொங்கவிடுகிறோமே, அதே கணவாய் ஓடுதான். இத்தனையும் சேர்ந்த பிறகே அங்கு குளிர்காலத்தில் பலவகை உணவு பயன் தருகிறது. நாள் முழுக்க எரியும் விளக்குகளும் அவற்றின் மின்கட்டணமும் ஒரு லய அறைக்கு எட்டக்கூடியவை அல்ல.

ஓடும் என்புதான்

ஆமையின் ஓடு சட்டைபோல மேலே போட்டுக்கொண்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது 50க்கு மேற்பட்ட என்புகளால் ஆனது. விலா என்புகளும் முள்ளந்தண்டும் அதனோடு ஒட்டிப் பிறந்தவை. மேலே நகம் போன்ற ஒரு படை மூடியிருக்கும். ஆதலால் உணவில் கல்சியம் குறைந்தால் முதலில் தெரிவது ஓட்டில்தான். பக்கத்து வீட்டு ஆமையின் ஓட்டு விளிம்பை நான் மெல்லத் தொட்டபோது அது அட்டை போல வளைந்தது. வளரும் குட்டிக்கு இது மிக ஆபத்தான அடையாளம்.

இங்கே மூன்று விடயங்கள் பிணைந்துள்ளன.

முதலாவது, உணவில் பொஸ்பரஸைப் போல் இரண்டு மடங்காவது கல்சியம் இருக்க வேண்டும். வாழைப்பழத்தில் நிலைமை தலைகீழ். அதில் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் ஏறத்தாழ நான்கு மடங்கு. தக்காளியிலும் சோற்றிலும் பொஸ்பரஸே மிகை. கெரட்டில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

இரண்டாவது, உண்ட கல்சியம் குடலில் உறிஞ்சப்பட விற்றமின் டீ வேண்டும். வெயிலில் உள்ள புறவூதாக் கதிர் தோலில் படும்போது ஆமை அதனைத் தானே தயாரித்துக்கொள்ளும். சாதாரண யன்னல் கண்ணாடி அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். யன்னலருகே பெட்டியை வைத்தால் போதும் என்று எண்ணுவது இதனால்தான் தவறு. பனிமூட்ட மாதங்களில் வெளியே வைத்தாலும் வெயில் போதாது.

மூன்றாவது, சில கீரைகள் கல்சியத்தைப் பிணைத்துப் பயனற்றதாக்கும். பீட்ரூட் இலையிலும் ஸ்பினாச் கீரையிலும் உள்ள ஒட்சலேற்று அத்தகையது.

மரக்கறி நிறைந்த மலையில்

வெலிமடையும் ஊவா பரணகமவும் நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் ஊர்கள். மலிவும் தாராளமும் உள்ள இடத்தில் ஆமைக்கா பஞ்சம் என்று தோன்றும். அந்தப் பட்டியலையே ஒருமுறை பார்ப்போம்.

கோவா, முள்ளங்கி இலை: எப்போதாவது சிறிதளவு பாதகமில்லை. நாளாந்த உணவானால் தைரொயிட்டுச் சுரப்பியின் வேலையைப் பாதிக்கும் பொருள்கள் சேரும்.

சலாது இலை: பெரும்பாலும் தண்ணீர். வயிறு நிரம்பும், சத்தும் நாரும் மிகக் குறைவு.

வாழைப்பழம், பப்பாசி: இனிப்பு மிகுந்தால் குடலின் நுண்ணங்கிச் சமநிலை குலைந்து வயிற்றோட்டம் வரும். காட்டில் உதிர்ந்த பழம் அதற்கு எப்போதாவது கிடைக்கும் விருந்து. சில ஆமைகள் அந்தப் பழ விதைகளைச் சுமந்து சென்று எச்சத்தோடு விதைத்துக் காட்டுக்கு நன்றி செய்கின்றன. மொறீசியஸ் அருகே ஒரு சிறு தீவில் கருங்காலி மரம் மீண்டும் முளைக்கவென்றே இராட்சத ஆமைகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

சோறு, பாண், பிஸ்கட், இனிப்புப் பண்டம்: இவை அதன் குடலுக்கு அந்நியமானவை.

அப்படியானால் எது பொருத்தம்? அருகம்புல்லும் மற்றப் புற்களுமே பெரும்பங்கு. அதனோடு செவ்வரத்தையின் பூவும் இலையும், வற்றாளங்கொடி இலை, சப்பாத்திக்கள்ளி மடல், சிறிதளவு முருங்கையிலை. பட்டியலிலுள்ள எதையும் சந்தையில் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் தேயிலை மலையில் புல் வெட்டும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். களைநாசினி தெளித்த இடத்துப் புல்லும், பூச்சிமருந்து தெளித்த மரக்கறியின் வெளியிலைகளும் ஆமைக்கு நஞ்சு. அரளி, உண்ணிச்செடி, ஊமத்தை ஆகியனவும் அப்படியே.

ஜொனதனின் அலகு

பலவகை உணவின் பயனை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் என்று செயின்ட் ஹெலனா தீவின் ஜொனதனைச் சொல்லலாம். 1900ஆம் ஆண்டளவில் போயர் யுத்தக் கைதிகளை ஆங்கிலேயர் எமது தியத்தலாவைக்கும் அந்தத் தீவுக்கும் அனுப்பிவைத்தார்கள். அவர்கள் போய் இறங்கியபோதே ஜொனதன் அங்கே ஒரு முதிய ஆமை. 1882இல் சீஷெல்ஸிலிருந்து அங்கு கொண்டுவரப்பட்டபோது அது முழு வளர்ச்சி பெற்றிருந்தது. அதைக்கொண்டு அது 1832 அளவில் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் மேய்ந்த ஜொனதனுக்கு முதுமையில் பார்வையும் மோப்பமும் போயின. நல்ல புல்லைத் தேர்ந்து மேய முடியாமல் மெலிந்தது. அதன் அலகு நொறுங்கும் தன்மையடைந்தது. தீவின் மிருக வைத்தியர் வாரம் ஒருமுறை பழங்களையும் மரக்கறிகளையும் கையால் ஊட்டத் தொடங்கினார். சில காலத்தில் அலகு மீண்டும் கூராகி, இழந்த எடையும் திரும்பியது. இதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, பழம் கொடுத்தால் ஆமை தேறும் என்று கொள்ளக்கூடாது. ஜொனதன் திறந்த வெளியில் வெயில் காய்ந்து, நாள் முழுதும் புல் மேய்கிறது. வாராந்த ஊட்டம் அதற்கு மேலதிகம் மட்டுமே.

சட்டம் சொல்வது

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது இலங்கையில் குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதனைப் பாதுகாக்கின்றன. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்காக இவ்வினம் பெருந்தொகையாகக் களவாடப்படுகிறது. இந்தியாவின் ஒரே ஒரு மையத்தின் ஊடாக மட்டும் ஓராண்டில் 55,000 ஆமைகளாவது காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் சைட்டிஸ் என்னும் சர்வதேச சமவாயத்தின் மாநாடு கொழும்பில் நடக்கவிருந்து, ஏப்ரல் மாதத் துயரச் சம்பவங்களின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே இலங்கையும் சேர்ந்து கொண்டுவந்த முன்மொழிவின்படி நட்சத்திர ஆமை அதியுயர் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பக்கத்து வீட்டாரும் இதனை அறிந்தபோது முதலில் பயந்தார்கள். பிள்ளையோ அழுதாள். கடைசியில் வாப்பாவே தொலைபேசி எடுத்துச் சொன்னார். அதிகாரிகள் வந்து எடுத்துச் சென்றபோது, எந்த நாளில் எதைத் தின்றது என்று பார்ப்பதற்கு உதவும் என்று அவள் தன் கொப்பியையும் கொடுத்தனுப்பினாள். அது நல்ல யோசனைதான். சிகிச்சை அளிப்பவருக்கு அந்தத் தேதிகள் பெரிதும் தேவைப்படும்.

கையில் ஓர் ஆமை வந்து சேர்ந்தால்

வாசிக்கும் தங்கைகளுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன்.

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கமான 1992க்கு அறிவியுங்கள். எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதனை உரிய இடத்தில் விடுவதற்கு அந்தத் தகவல் வேண்டும்.

அவர்கள் வரும்வரை, ஈரமில்லாத பெட்டியில் உலர்ந்த புல்லைப் பரப்பி, காற்றும் சாரலும் படாத சூடான மூலையில் வையுங்கள். நடுப்பகலில் வெயில் வந்தால் நிழலும் சேர்ந்த இடத்தில் சிறிது நேரம் விடலாம்.

ஆழமில்லாத தட்டில் இளஞ்சூட்டு நீரைத் தாடைக்குக் கீழே நிற்குமளவு ஊற்றி வையுங்கள். உடல் சூடேறி நடக்கத் தொடங்கினால் புல்லும் செவ்வரத்தைப் பூவும் வைக்கலாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம்.

தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். ஆமைகள் நோயின்றியே சல்மனெல்லா நுண்ணங்கியைச் சுமக்கக்கூடும். சிறுவர்களுக்கு அது தொற்றியதாலேயே அமெரிக்காவில் 1975இல் சிறிய ஆமைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

இரக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டத்திலோ பதுளு ஓயாவிலோ விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் குளிர் கொல்லும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஆற்றில் மூழ்கிவிடும்.

மொனராகலைப் பக்கம் போகும் உறவினருக்கும் இதனைச் சொல்லிவையுங்கள். வீதியைக் கடக்கும் ஆமையைக் கண்டால், அது போகும் திசையிலேயே வீதியின் மறுபுறம் தூக்கி வைத்துவிட்டு வருவதே போதும். அதன் மறுவேளை உணவு அங்கே புல்லுக்குள் இருக்கிறது.